பம்பரில் விழும் மெல்லிய கீறல்: தேய்க்குமுன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்து தங்கிய எமது விவசாயக் குடும்பங்கள் ஒரே காலத்தில் வந்தவையல்ல. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சி, வன்னி என அலைந்து பின்னர் தலைநகருக்கு வந்தோர், 2009இன் பின் முகாமிலிருந்து உறவினர் வீடு தேடி வந்தோர் எனப் பலர் உளர். காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு. காணி இன்னும் கைக்கு வராதவர்களும் உண்டு. மண்வெட்டி பிடித்த கைகளுக்கு நகரத்தில் எளிதாக அகப்படும் வேலைகளில் ஒன்று வாகனம் கழுவுதல். சேர்விஸ் நிலையத்தில் வாளியும் துணியுமாகச் சேரும் இளைஞரின் கையில் சில காலத்தில் பொலிஷ் ரின்னும் கொடுக்கப்படும். "கட் அன்ட் பொலிஷ்" என்று கராஜ்களில் சொல்லப்படும் இந்த வேலையின் ஒரு சிறு பகுதியை, அதாவது பெயின்ற் அடித்த பிளாஸ்ரிக் பாகங்களில் விழும் மெல்லிய கீறல்களை நீக்குவதை, இங்கு விளக்க விரும்புகிறோம்.

சிறு பகுதிதான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு நட்டம் வருவது பெரும்பாலும் இங்கேதான். இன்றைய கார்களின் முன், பின் பம்பர்கள், பக்கக் கண்ணாடியின் மூடிகள், பல கார்களின் கதவுக் கைபிடிகள், ஸ்கூட்டர்களின் பக்கத் தகடுகள் யாவும் பிளாஸ்ரிக். வாகனத்தில் வெளியே துருத்திக்கொண்டு நிற்பவையும் இவைதான். எனவே ஒழுங்கையில் மதிலோடு உரசினாலும், தரிப்பிடத்தில் சைக்கிள் சாய்ந்தாலும் முதல் கீறல் இவற்றிலேயே விழும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் மக்கள் தம்மிடமிருந்த பழைய வாகனத்தையே பொத்திப் பொத்திப் பேணக் கற்றுக்கொண்டனர். ஒரு பம்பரைத் தேய்த்துப் பழுதாக்கினால், பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடி வாங்கி, பெயின்ற் அடித்துக் கொடுக்கும் செலவு ஒரு தொழிலாளியின் பல நாட் கூலியை விழுங்கிவிடும். அதிலும், பிணை நிற்க ஆளில்லாமல் ஊர்விட்டு வந்தவருக்குக் கராஜ்காரரின் நம்பிக்கை ஒன்றுதான் முதல். அதுவும் கூடவே போய்விடும்.

பூச்சும் மேல்மண்ணும்

குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியவர்கள் நாம். எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பதும் பித்தளையே என்பதால் விளக்குக்குக் கேடில்லை. பம்பர் அப்படியல்ல. அதை ஒரு வயலின் மண்ணைப்போல அடுக்கடுக்காக நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடியில் பிளாஸ்ரிக். அதன்மேல், பெயின்ற் ஒட்டிக்கொள்வதற்கான பிறைமர் என்னும் மிக மெல்லிய பூச்சு. அதற்குமேல் நிறம் தரும் பூச்சு. வெள்ளி மினுக்கமும் முத்து மினுக்கமும் இதற்குள்தான் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதனைக் கராஜ்களில் "கிளியர்" என்பர். நாம் காணும் பளபளப்பு முழுவதும் இந்தக் கிளியரின் பளபளப்பே.

கிளியரின் தடிப்பு பொதுவாக 30 முதல் 50 மைக்ரோன் வரை இருக்கும். ஆயிரம் மைக்ரோன் சேர்ந்ததுதான் ஒரு மில்லிமீற்றர். அதாவது நீங்கள் வாசிக்கும் புதினப் பத்திரிகையின் ஒரு தாளைவிடவும் கிளியர் மெல்லியது. அதனடியிலுள்ள நிறப்பூச்சு இன்னும் மெல்லியது. பெரும்பாலும் 12 முதல் 20 மைக்ரோன்தான்.

கீறலை நீக்குதல் என்று நாம் சொல்வது, உண்மையில் கீறலை எடுப்பதல்ல. கீறலைச் சுற்றியிருக்கும் நல்ல கிளியரைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவதே. பள்ளத்தை நிரப்பாமல் வரம்பைச் சீவி வயலைச் சமப்படுத்துவது போன்றது இது. சீவிய மண் மீண்டும் வராது. 40 மைக்ரோன் கிளியரில் 10 மைக்ரோன் எடுத்தால் நாலில் ஒரு பங்கு போயிற்று. அடுத்த வருடம் இன்னொருவர் இன்னொரு 10 எடுப்பார். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மருந்து கிளியருக்குள் கலந்திருக்கிறது. கிளியர் மெலிந்தால் அந்தக் காப்பும் குறையும். அன்றைக்குப் பம்பர் கண்ணாடிபோல் மினுங்கும். ஒன்றிரண்டு வருடத்தில் வெளிறி, பின்னர் பாம்புச் செட்டைபோல உரியும். அப்போது அதைத் தேய்த்தவரின் பெயரை யாரும் நினைப்பதில்லை என்பது வேறு விடயம்.

பிளாஸ்ரிக், இரும்பு அல்ல

கார் வாசலிலும் பொனற்றிலும் பழகிய கை, அதே பழக்கத்தோடு பம்பரைத் தொடும்போதுதான் தவறு நேர்கிறது. வேறுபாடுகள் சில.

முதலாவது சூடு. இரும்புத் தகட்டில் மெஷினை வைத்துத் தேய்த்தால் உண்டாகும் சூடு தகடு முழுவதும் பரவிவிடும். பிளாஸ்ரிக் சூட்டைக் கடத்துவதில் இரும்பிலும் ஏறக்குறைய இருநூறு மடங்கு மந்தமானது. சூடு விழுந்த இடத்திலேயே தங்கும். மெஷின் ஒரே இடத்தில் சில விநாடி கூட நின்றால் கிளியர் இளகிச் சுருங்கும், அல்லது நிறம் வரை அறுந்துபோகும். உள்ளங்கை காய்ப்பேறியிருக்கும் எமது ஆட்களுக்கு ஒரு யோசனை: புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேலே உணர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, அளக்க முடியாமை. பெயின்றின் தடிப்பை அளக்கும் சிறு கருவி பெரிய கராஜ்களில் இருக்கும். சாதாரணமாகப் பாவிக்கப்படும் கருவிகள் பூச்சுக்கு அடியில் உலோகம் இருந்தால் மட்டுமே வேலை செய்பவை. பிளாஸ்ரிக்கில் அவை எதுவும் காட்டா. ஒலியலையால் அளக்கும் வேறுவகைக் கருவி உண்டாயினும் அதன் விலை எம்மவர்க்கு எட்டாதது. ஆகவே பம்பரில் எவ்வளவு கிளியர் மிச்சமிருக்கிறது என்பதை நீங்கள் அறியாமலே வேலை தொடங்குகிறீர்கள். முன்னர் எத்தனை தடவை தேய்க்கப்பட்டது, பெயின்ற் மீள அடிக்கப்பட்டதா என்று உரிமையாளரைக் கேட்பது இதனால்தான் அவசியம்.

மூன்றாவது, வளைவு. பம்பர் அமுக்கினால் உள்ளே போகும். கையை எடுத்தால் திரும்பி வரும். அமுக்கித் தேய்க்கும்போது நடுப்பகுதி நழுவிப்போக, விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பலம் முழுவதும் விழும். விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெல்லியது. எனவே எந்த மடிப்பு விளிம்பிலும் மாஸ்கிங் ரேப் ஒட்டிவிட்டே வேலை தொடங்க வேண்டும்.

பிளாஸ்ரிக்கிலும் இனங்கள் உண்டு. பாகத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால், இரண்டு அம்புக்குறிகளுக்கிடையில் ஆங்கில எழுத்துக்களில் அதன் இனம் பொறிக்கப்பட்டிருக்கும். பம்பர்கள் பெரும்பாலும் பி.பி. எனப்படும் பொலிபுரொப்பிலீன் கலவை. கண்ணாடி மூடிகளும் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் தகடுகளும் பல வேளைகளில் ஏ.பி.எஸ். பி.பி. மெழுகைப்போன்றது, அதில் எதுவும் இலகுவில் ஒட்டாது. அதனாலேயே அதற்குத் தனிப் பிறைமர் வேண்டும். ஏ.பி.எஸ்.ஸில் பெயின்ற் நன்றாக ஒட்டும். ஆனால் தின்னரும் பெற்றோலும் அதன் எதிரிகள். அவை பட்டால் பூச்சின் கீழே நுண்ணிய வெடிப்புகள் பரவி, பின்னொரு நாள் பாகமே உடையலாம். "கொஞ்சம் தின்னர் போட்டுத் துடை" என்று யாராவது சொன்னால், துடைக்கப்படுவது எது என்று முதலில் பாருங்கள்.

கீறல் எங்கிருந்து வருகிறது

வெள்ளவத்தை என்ற பெயர் சிங்களத்தில் மணலையும் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்வது. பெயருக்கேற்ற ஊர். காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகளின் முடிவில் மரைன் டிரைவ், அதற்கப்பால் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். காற்று கொண்டுவரும் மணலும் உப்பும் இரவு முழுவதும் வாகனங்களின்மேல் படிகின்றன. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் லொறிகளின் தூசி, நெருக்கமான வீதிகள். இரண்டு இடத்திலும் காலையில் ஒரே காட்சியைக் காணலாம்: உலர்ந்த துணியால் காரை ஒருவர் பரபரவெனத் துடைத்துக்கொண்டிருப்பார். மெல்லிய கீறல்களில் பெரும் பகுதி உண்டாவது இந்த நேரத்தில்தான். மணலிலுள்ள படிகக்கல் பேனாக் கத்தியின் உருக்கைவிட வலியது. கிளியரைப்பற்றிச் சொல்லவே தேவையில்லை. உலர்ந்த துணி அந்த மணலைப் பிடித்து ஒவ்வொரு சுற்றிலும் கோடு போடுகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்டம் வட்டமாகத் தெரிவது இதுவே. உலர்ந்த துணியால் பிளாஸ்ரிக்கைத் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி அது இன்னும் தூசியை இழுக்கும் என்பதும் இங்கு சேர்த்துச் சொல்லத்தக்கது.

ஆகவே கழுவும் வேலையில் நிற்பவர் கீறல் உண்டாக்கும் வேலையிலும் நிற்கிறார். அல்லது அதைத் தடுக்கும் வேலையில் நிற்கிறார். முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மணலை ஓடவிட வேண்டும். பின்னர் இரண்டு வாளி: ஒன்றில் வாகனத்துக்குரிய ஷாம்பூ நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். தும்பும் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்பொஞ்சும் வாகனத்துக்கு அண்மையிலும் வரக்கூடாது. உடுப்புத் தோய்க்கும் தூளும் வேண்டாம். நிலத்தில் விழுந்த துணியை எடுத்து மீண்டும் காரில் வைப்பவரை வேலைக்கு வைத்திருக்க முடியாது என்று சில கராஜ்களில் கடுமையாகச் சொல்வார்கள். அந்தக் கடுமை சரியானதே.

மூன்று சோதனைகள்

இனிக் கீறலுக்கு வருவோம். கழுவி உலர்த்திய பின், நிழலில், கையில் ஒரு ரோச் லைற்றோடு உட்காருங்கள். வெளிச்சத்தை நேரே பிடிக்காமல் சரித்துப் பிடித்தால் கீறல் தானே எழுந்து நிற்கும்.

முதற் சோதனை தண்ணீர். கீறலின்மேல் சிறிது நீரைத் தடவுங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால் அது கிளியருக்குள் மட்டுமே உள்ளது. இதன் காரணம் எளிது. கீறலைக் கண் காண்பது, அதன் கரடான ஓரங்களில் பட்ட ஒளி நாலா பக்கமும் சிதறுவதால். பள்ளத்தை நீர் நிரப்பியதும் ஒளி சிதறாமல் உள்ளே சென்று திரும்புகிறது. ஈரத்திலும் கோடு தெரிந்தால் நிறப்பூச்சு காயப்பட்டிருக்கிறது.

இரண்டாவது நகம். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே, அமுக்காமல் மெதுவாக இழுங்கள். தடக்காமல் போனால் தேய்த்து எடுக்கலாம் என்று பெரும்பாலும் நம்பலாம். தடக்கினால் அதன் ஆழம் கிளியரின் பெரும் பகுதியைத் தாண்டியிருக்கக்கூடும். அதை முற்றாக எடுக்க முயலக்கூடாது.

மூன்றாவது, நிறம் பார்த்தல். கீறலுக்குள் சாம்பல் நிறமோ கறுப்போ தெரிந்தால் பிறைமரோ பிளாஸ்ரிக்கோ வெளிவந்துவிட்டது. எந்தப் பொலிஷாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மாறாக, கீறல் வாகனத்தின் நிறத்தோடு சம்பந்தமில்லாத நிறமாக, உதாரணமாக வெள்ளைக் காரில் சிவப்பாக இருந்தால், அது பெரும்பாலும் கீறலே அல்ல. உரசிய மற்ற வாகனத்தின் பெயின்ற் அல்லது மதிலின் சுண்ணாம்பு மேலே ஒட்டியிருக்கிறது. பார்ப்பதற்கு மிக மோசமாகவும், எடுப்பதற்கு மிக இலகுவாகவும் இருப்பது இதுதான். மென்மையான பொலிஷ் ஒன்றைத் துணியில் எடுத்து விரலால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். அதனடியில் உண்மையான கீறல் உண்டா என்று பின்னர் பார்க்கலாம்.

இம்மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். செலவு எதுவுமில்லை. ஆயினும் இவற்றைச் செய்யாமல் நேரே கொம்பவுண்ட் ரின்னைத் திறப்பவர்களே அதிகம்.

கையால் தேய்த்தல்

பிளாஸ்ரிக் பாகங்களுக்கு, குறிப்பாகப் புதிதாகப் பழகுபவருக்கு, மெஷினைவிடக் கை நல்லது. நேரம் கூடப் போகும், சூடு ஏறாது.

கராஜில் இரண்டு வகை மருந்து இருக்கும். கொம்பவுண்ட் என்பது வெட்டும் சக்தி கூடியது. பொலிஷ் என்பது குறைந்தது. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அலுமினிய ஒக்சைட்டுத் துகளே. துகளின் பருமன்தான் வேறு. வாக்ஸ் வேறு இனம். அது எதையும் வெட்டாது, மேலே படிந்து காக்கும்.

எப்போதும் சக்தி குறைந்ததில் தொடங்குங்கள். உள்ளங்கையளவு இடத்தைத் தெரிந்தெடுத்து, மென்மையான ஸ்பொஞ்சில் பயறளவு பொலிஷ் நாலைந்து புள்ளியாக வைத்து, முதலில் தேய்க்காமல் பரப்புங்கள். பின்னர் நடுத்தரமான அமுக்கத்தோடு மேலும் கீழுமாக, அதன்பின் இடமும் வலமுமாக, உழவில் குறுக்குழவு அடிப்பதைப்போலத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வட்டக் கோடுகள் விழக்கூடும். முப்பது, நாற்பது இழுவையில் மருந்து மெல்லிதாகிக் கண்ணாடிபோலத் தெரியும். சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடைத்துவிட்டு ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். பாதியளவு குறைந்திருந்தால் இன்னொரு தடவை. எதுவும் மாறவில்லையானால்தான் கொம்பவுண்டுக்குப் போக வேண்டும். கொம்பவுண்ட் பாவித்த இடத்தில் இலேசான மங்கல் விழும். அதனைப் பொலிஷ் போட்டு எடுக்க வேண்டும். ஒரு மருந்துக்குப் பாவித்த ஸ்பொஞ்சை மற்றதற்குப் பாவிக்கக்கூடாது.

துணியில் நிறம் ஏறுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கிளியருள்ள பூச்சில் துணி வெண்மையாகவே இருக்க வேண்டும். சிவப்புக் காரில் துணி சிவந்தால் ஒன்றில் கிளியர் முடிந்துவிட்டது, அல்லது அது கிளியரே இல்லாத பழைய முறைப் பெயின்ற். எதுவாயினும் உடனே கையை எடுத்துவிட்டு, மூத்த பாஸை அழைத்துக் காட்டுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இத்தொழிலில் கடினமான பாடம். நகம் இலேசாகத் தடக்கும் கீறலை முற்றாக எடுக்க வேண்டியதில்லை. அதன் ஓரங்களை மழுங்கச் செய்தாலே ஒளி சிதறுவது குறைந்து, இரண்டு முழம் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. எமது கருத்தில், நூற்றுக்கு எண்பது மறைந்து கிளியர் மிஞ்சிய பம்பர், நூறும் மறைந்து கிளியர் போன பம்பரைவிட எவ்வளவோ மேலானது. உரிமையாளருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னர் சொன்னால் சாட்டுப் போலிருக்கும்.

அரத்தாளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. 2000 இலக்க நீர் அரத்தாளின் துகள் ஏறக்குறைய 10 மைக்ரோன் பருமனுடையது. பக்குவப்பட்ட கையில் அது நல்ல கருவி; பழகாத கையில் நான்கைந்து நிமிடத்தில் கிளியரை முடித்துவிடும். பழக விரும்புவோர் கராஜின் மூலையில் கிடக்கும் உடைந்த பம்பர் ஒன்றைக் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே தேய்த்து நிறம் வரும்வரை போய்ப் பாருங்கள். எத்தனை இழுவையில் கிளியர் போகிறது என்பதைக் கை அப்போதுதான் அறியும்.

தேய்க்கவே கூடாதவை

பளபளப்பில்லாத மங்கல் பூச்சு அடித்த பாகங்களை எந்தப் பொலிஷாலும் தொடக்கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கி நிற்கும். அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை. பம்பரின் கீழ்ப்புறத்தில் பெயின்ற் இல்லாமல் கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும் பகுதியில் கொம்பவுண்ட் பட்டால் அதன் துவாரங்களில் வெள்ளையாய்ப் படிந்துவிடும். அங்கும் ரேப் ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிள்களின் பக்கத் தகட்டில் ஸ்ரிக்கர் கிளியருக்கு மேலே ஒட்டப்பட்டதா, அடியிலா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் கையில் தட்டுப்பட்டால் பெரும்பாலும் மேலே இருக்கிறது. அதன்மேல் தேய்த்தால் எழுத்துப் போய்விடும்.

முத்து வெள்ளைக் கார்கள் எமது வீதிகளில் நிறைய ஓடுகின்றன. அவற்றின் நிறம் பல வேளைகளில் ஒரு பூச்சல்ல. வெள்ளை ஒன்று, அதன்மேல் முத்து மினுக்கம் ஒன்று, அதன்மேல் கிளியர். நிறம் வரை போன கீறலை அத்தகைய காரில் சிறு தூரிகையால் தொட்டு மறைக்க முயன்றால் பொட்டு வைத்ததுபோல் தெரியும். சாதாரண வெள்ளையிலும் கறுப்பிலும் தொட்டு மறைப்பது ஓரளவு சரிவரும். பெயின்ற் இலக்கம் பெரும்பாலும் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும்.

வீட்டு வைத்தியங்கள் பற்றியும் கேட்கிறார்கள். பற்பசையில் பல் துலக்குவதற்கான மெல்லிய துகள் இருப்பதால் மிக நுண்ணிய கோடுகளை அது சிறிது குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் துகள் வாகனத்துக்காக அளந்து செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு பசையிலும் ஒவ்வொரு விதம். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் தண்ணீர்ச் சோதனையில் கண்ட அதே மறைப்பைத்தான் செய்கின்றன. ஒரு மழையோடு கீறல் திரும்பி வரும், இடையில் தூசியும் ஒட்டும். எண்ணெய் தடவிக் கீறல் போய்விட்டது என்று காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு வாரம் கழித்து அதே வாடிக்கையாளரை மீன் சந்தையில் சந்திக்க நேரும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

ஸ்பிறே அடித்தல்

பொலிஷில் போகாத கீறலுக்குப் பம்பரை மீளப் பெயின்ற் அடிப்பதே வழி. கூலி கூடிய வேலை என்பதால் இளைஞருக்கு இதில் ஆசை உண்டு. வாடகை வீட்டின் பின் வளவிலோ ஒழுங்கையிலோ ஒரு கொம்பிறசரோடு தொடங்கிவிடுகிறார்கள். இதில் ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு ரின் கலந்து அடிக்கும் கிளியரில், இறுகச் செய்யும் பகுதியில் ஐசோசயனேற் என்னும் இரசாயனம் இருக்கிறது. ஸ்பிறே அடிக்கும்போது எழும் பனிபோன்ற துளிகள் மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா உண்டாகலாம். ஒரு தடவை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். அவர் அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். மூக்கில் கட்டும் லேஞ்சியோ, சாதாரண தூசி மறைப்போ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும், அதற்கென அமைந்த அறையும் வேண்டும். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள் வாழும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஆகவே வசதியில்லாத இடத்தில் இந்த வேலையை ஏற்காதீர்கள். மெருகிடும் வேலைக்கு இவ்வளவு ஆபத்தில்லை. ஆனாலும் உலர்வாக அரத்தாள் போடாமல் நீர்விட்டுத் தேய்ப்பதும், கையுறை அணிவதும் நல்ல பழக்கம். தேய்த்த கழிவு நீரை வெள்ளவத்தை வாய்க்காலுக்குப் போகும் கானில் ஊற்றாமல் ஒரு வாளியில் படியவிட்டு, படிவைக் கட்டி எறியலாம்.

வேலையை ஏற்கும்போது

வாகனம் வந்தவுடன், கழுவிய பின், கீறலையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். ஏற்கெனவே உரிந்த இடம், வெடித்த இடம் எல்லாவற்றையும் உரிமையாளருக்குத் தொட்டுக் காட்டுங்கள். "முயன்று பார்க்கிறேன், இவ்வளவுதான் போகும்" என்று அளவோடு சொல்லுங்கள். கூலியைக் கீறலின் நீளத்துக்குப் பேசாமல் செலவாகும் நேரத்துக்குப் பேசுவது நல்லது. விரல் நீளக் கீறலுக்கு ஒரு மணித்தியாலம் போகலாம், கை நீளக் கறை பத்து நிமிடத்தில் துடைபட்டுவிடலாம். வயதான ஐயா ஒருவர் பம்பர் முழுவதும் சிவப்பாய்ப் போய்விட்டதென்று பதறிக்கொண்டு வந்தால், அது வெறும் ஒட்டிய பெயின்ற்தான் என்று சொல்லி நியாயமான சிறு தொகை வாங்குங்கள். அவர் அடுத்த முறையும் உங்களிடமே வருவார், மருமகனையும் அனுப்புவார்.

இவ்வாறு கராஜில் பழகியே தொழில் கற்றவர்களுக்கு ஏட்டுக் கல்வி இல்லை என்பதால் சான்றிதழ் கிடையாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வழங்கப்படும் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைக்கு, வகுப்புக்குப் போகாமல், முன்பே கற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. மதிப்பீட்டாளர் ஒருவர் நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்துக் கேள்விகள் கேட்பார். வாகனத்துறைத் தொழில்களில் எவற்றுக்கு இவ்வாறு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும், தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் விசாரிக்கலாம். முறையாகப் படிக்க விரும்பும் இளையோருக்கு, வெள்ளவத்தையிலிருந்து அதே காலி வீதியில் தெற்கே போனால் மொறட்டுவையில், 1959இல் தொடங்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. "ஜேர்மன் ரெக்" என்று கேட்டால் பஸ் நடத்துநரே இறக்கிவிடுவார்.

அனுபவத்தை மதிப்பிடும் முறைக்குப் போவோர், தாம் இத்தொழிலில் நின்றதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். ஆகையால் இன்றே ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, திகதி, வாகனத்தின் இனம், எந்தப் பாகம், தண்ணீர்ச் சோதனையிலும் நகச் சோதனையிலும் கண்டது, பாவித்த மருந்து, எடுத்த நேரம் என்பவற்றை எழுதி வையுங்கள். படங்களையும் திகதிப்படி சேர்த்து வையுங்கள். கராஜ் உரிமையாளரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு விலகிய பின்னர் கேட்டுப் போவதைவிட அது இலகு.